இடது பக்கக் கதவு

9 நவம்பர் 2024, சனி

விடியற்காலையிலிருந்து மழை. மீன்காரர் வரவில்லை. முட்டைக் குழம்பு வைத்துச் சமாளித்தாச்சு.

மத்தியானம் இவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வண்டியில் உட்காரவைத்தார். "சபி, இங்க பாரு ஒரு அதிசயம்." பெட்ரோல் முள்ளுக்குப் பக்கத்தில் பொடிசாக ஓர் அம்புக்குறி. அது எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம்தான் டேங்க் மூடி இருக்குமாம். பங்க்கில் இறங்கி எட்டிப் பார்க்க வேண்டியதில்லையாம்.

போன வாரமும் இதே அதிசயத்தைக் காட்டினார். அதற்கு முந்தின வாரமும். "இந்த அம்பு எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு, வேற ஏதாச்சும் காட்டுங்க" என்றேன். சிரிப்பார் என்று பார்த்தால் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அறுபத்து மூன்று வயசு. மறதி வராமல் என்ன செய்யும்? எனக்கே நேற்றுக் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

சவூதியில் இருபத்தேழு வருஷம் வீட்டு டிரைவர். அரபி வீட்டுப் பெரிய பெரிய வண்டியையெல்லாம் ஓட்டியவர், ஊரோடு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக இந்தச் சின்ன வண்டியை வாங்கினார். நாலு வருஷம் ஆகிறது. எங்கள் அதிராம்பட்டினத்தில் வீடு பொண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் வந்து சேருவார். அதனால் வீடு என் பேரில், வண்டி இவர் பேரில். "உன் வீட்டுக்குள்ள நான், என் வண்டிக்குள்ள நீ. கணக்கு சரியாப் போச்சு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சாயங்காலம் பேக்கரிக்குக் கிளம்பினோம். இவர் இடது பக்கக் கதவைத் திறந்து ஜம்மென்று உட்கார்ந்துகொண்டார். நான் மழையில் நிற்கிறேன். இவர் கை முன்னால் போய் ஸ்டீயரிங்கைத் தேடுகிறது. "அங்க ஸ்டீயரிங் இந்தப் பக்கம்ல, பழக்கதோசம்" என்றார். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து நனைந்துபோனோம்.

22 நவம்பர், வெள்ளி

சாவியில் இருக்கிற திறக்கும் பட்டனை விடாமல் அமுக்கிப் பிடித்தால் நாலு கண்ணாடியும் தானே இறங்கும். வெயிலில் நின்ற வண்டியில் சூடு வெளியே போவதற்காக வைத்திருக்கிறானாம். ஜும்மா முடிந்து வந்த எதிர்வீட்டுப் பெரியவர் ஜெகபர் அலி காக்காவுக்கு இவர் அதைச் செய்து காட்டினார். "அட, என் மவன் வண்டியில இது இருக்கான்னு பாக்கணுமே யூனுஸ்" என்று காக்கா வாயைப் பிளந்தார். இவருக்கு ஒரே பெருமை. அதே பெருமையோடு உள்ளே வந்து படுத்துவிட்டார், கண்ணாடியை ஏற்றாமல்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு கொட்டின மழை முழுக்க சீட்டில். நான் போட்ட சத்தம் பள்ளிவாசல் வரைக்கும் கேட்டிருக்கும். இவர் வந்து நின்று, "யாரு கண்ணாடிய இறக்கினது?" என்று என்னையே கேட்கிறார்.

துடைக்கும்போது எனக்கும் ஒன்று கிடைத்தது. இடது சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டு ஒன்று, பிடித்துத் தூக்கினால் வாளி மாதிரி கையோடு வருகிறது. அதற்குள் இவருடைய மூக்குக்கண்ணாடிகள். தொலைந்துபோச்சு, தொலைந்துபோச்சு என்று புதுசு புதுசாக வாங்கியது அத்தனையும். என் கத்தரிக்கோல். கேஸ் புத்தகம். ஏன் இங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயமாக இருந்தது.

5 டிசம்பர், வியாழன்

இன்றும் இடது பக்கக் கதவு. இந்தத் தடவை இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

12 ஜனவரி 2025, ஞாயிறு

சென்னையிலிருந்து அஃப்ரீன் பேசினாள். "உம்மா, வாப்பா ஒரே போன்ல மருமகன் எப்படி இருக்காருன்னு திரும்பத் திரும்பக் கேக்குறாங்க. என்னான்னு பாருங்க." எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வாப்பாவுக்கு மருமகன் மேல அவ்வளவு பாசம், அதுவும் குத்தமா?" என்று வைத்துவிட்டேன். பெற்ற மகளிடமே மூடி மறைக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

ஏனென்றால் இன்று காலையில் வண்டி கிளம்பவில்லை. இவர் ஸ்டார்ட் பட்டனை அமுக்குகிறார், அமுக்குகிறார், ஒன்றும் இல்லை. "பாட்டரி போச்சு, கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்று ஒரே ஏச்சு. இந்த வண்டியில் கிளட்சை முழுசாக மிதித்தால்தான் இன்ஜின் உயிர் பிடிக்கும், அப்படி ஒரு ஏற்பாடு. வாங்கின புதிதில் இவர்தான் எனக்குச் சொன்னார்.

"கிளட்ச மிதிங்க" என்றேன், மெதுவாக.

ஸ்டீயரிங்கைத் தொட்டே பார்க்காத நான், இவருக்குச் சொல்கிறேன் கிளட்சை மிதிக்க. இவர் என்னைப் பார்த்த பார்வை — அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

6 பிப்ரவரி, வியாழன்

இதை எழுதியே ஆக வேண்டும்.

பட்டுக்கோட்டையில் துணி எடுத்துவிட்டுத் திரும்பினோம். சம்பா அறுப்பு நேரம். ரோட்டின் இடது பாதி முழுக்க நெல் பரப்பிக் காயப்போட்டிருக்கிறார்கள், ஓரம் தெரிய வரிசையாகக் கல் வைத்து. இந்த மாசம் யாராக இருந்தாலும் வலது பக்கம் ஏறித்தான் போக வேண்டும். இவரும் அப்படித்தான் போனார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

நெல் முடிந்தது. ரோடு வெறிச்சென்று கிடக்கிறது. இவர் வலது பக்கத்திலேயே போய்க்கொண்டிருக்கிறார்.

"ஏங்க, அந்தப் பக்கம் வாங்க."

"சரியாத்தான் போறேன்."

சவூதியில் எல்லாரும் வலது பக்கம்தான் ஓட்டுவார்கள். எனக்கு அது தெரியும். ஆனால் அந்த நேரத்தில் புத்தியில் ஏறவில்லையே! எதிரே லாரி. விளக்கை அணைத்து அணைத்துப் போடுகிறான். இவர் விலகாமல் ஹார்ன் அடிக்கிறார். "ராங் சைடுல வர்றான் பாரு!" யா அல்லாஹ், நான் ஸ்டீயரிங்கைப் பிடித்து என் பக்கம் இழுத்துவிட்டேன். வண்டி ஓடிப் போய் வைக்கோல் கட்டு ஒன்றில் முட்டி நின்றது. லாரிக்காரன் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி தண்ணீர்ச் சொம்போடு ஓடிவந்தாள். "ஐயாவுக்கு மயக்கமாம்மா?" ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

வீட்டுக்கு வந்து இவர் நிம்மதியாகச் சாப்பிட்டார். "இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் ஓட்டத் தெரியல சபி" என்றார்.

8 பிப்ரவரி, சனி

சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன். கொஞ்ச நேரத்தில் வெளியே கதவு திறக்கிற சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் இவர் வண்டிக்குள். அந்தச் சாவிக்குள்ளேயே இரும்புச் சாவி ஒன்று செருகியிருக்குமாம். எப்போதோ உருவிப் பையில் வைத்திருக்கிறார். மனைவியின் சொல் மறக்கிறது, இந்த வித்தை மட்டும் மறக்கவில்லை!

அதை வைத்துக் கதவைத்தான் திறக்க முடியும், வண்டி கிளம்பாது. பொழுது இறங்கி மஃரிப் ஆகிற வரைக்கும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். போகிற வருகிறவர்களெல்லாம் சலாம் சொல்கிறார்கள், இவரும் பதில் சொல்கிறார். இந்த வண்டியையும் வாங்கிக்கொண்டால் இவரிடம் என்ன மிச்சம் இருக்கும்?

20 பிப்ரவரி, வியாழன்

தஞ்சாவூர் டாக்டர். படம் எடுத்தார்கள், என்னென்னவோ கேள்வி கேட்டார்கள். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டதற்கு இவர், "உங்களுக்கே தெரியலைன்னா எனக்கு எப்படி டாக்டர் தெரியும்?" என்றார். நர்ஸ் சிரித்துவிட்டாள்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார் டாக்டர். "புதுசா நடந்ததெல்லாம் முதல்ல போகும்மா. பழசு ரொம்ப நாள் நிக்கும். நீங்க தைரியமா இருக்கணும்."

பஸ்ஸில் வரும்போது இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எது புதுசு? இந்த நாலு வருஷம்தான் புதுசு. ஒரே வீட்டில், ஒரே தட்டில், சண்டை போட்டுக்கொண்டு இவரோடு நான் இருந்தது இந்த நாலு வருஷம்தானே? அதற்கு முன்னால் எல்லாம் லீவு, ஏர்போர்ட், போன். பழசு என்றால் சவூதி. அப்படின்னா நான்தானே முதல்ல போவேன்? இவர் திரும்பவும் அங்க போயிடுவாரு. விசாவும் இல்ல, டிக்கெட்டும் இல்ல, என் பக்கத்துல உக்காந்துக்கிட்டே போயிடுவாரு. நான் யார்கிட்ட போய் அழுவேன்?

14 மார்ச், வெள்ளி

நோன்பு திறக்கிற நேரம். கஞ்சியை ஊற்றிவைத்துவிட்டுக் கூப்பிட்டால் ஆள் இல்லை. வண்டியில் உட்கார்ந்திருக்கிறார், கையில் ஒரு பேரீச்சம்பழம். "உள்ள வாங்க, பாங்கு சொல்லப் போறாங்க." வரமாட்டேன் என்கிறார். "மேடம் உள்ள விருந்துல இருக்காங்க. எப்ப கூப்பிடுவாங்கன்னு தெரியாது. வண்டிய விட்டு இறங்கக் கூடாது."

சவூதியில் அத்தனை வருஷ நோன்பும் இப்படியா திறந்தீர்கள்? போனில் கேட்கும்போதெல்லாம் "பிரமாதம், கப்சா சோறு, ஆடு முழுசா" என்று சொன்னீர்களே!

கஞ்சியையும் வடையையும் எடுத்துக்கொண்டு போய் வண்டியிலேயே உட்கார்ந்து இரண்டு பேரும் நோன்பு திறந்தோம். கஞ்சியைக் கொட்டி சீட்டெல்லாம் கறை. கறை கிடக்கட்டும்.

31 மார்ச், திங்கள், பெருநாள்

அஃப்ரீன் வந்தாள். பிரியாணி இறங்கினதும் ஆரம்பித்துவிட்டாள்: வண்டியை விற்க வேண்டும். "உம்மா, ஒருநாள் ஏதாச்சும் ஆச்சுன்னா? வாப்பா மட்டுமில்ல, ரோட்டுல போறவங்க?"

அவள் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் அவ்வளவு எரிச்சல் வந்தது. "வித்துட்டா வாப்பா எங்க போயி உக்காருவாரு? சொல்லு! பாத்ரூம் எங்க இருக்குன்னு கேக்குறாரு. வண்டிக்குள்ள போனாத்தான் மனுசன் மாதிரி இருக்காரு."

"அப்ப யாரு ஓட்டுறது?"

"நான் ஓட்டுறேன்."

வாயிலிருந்து வந்துவிட்டது. பெருநாள் அன்றைக்கு வந்த வார்த்தை. அஃப்ரீன் சிரித்த சிரிப்பில் பாயசம் புரைக்கேறிவிட்டது.

21 ஏப்ரல், திங்கள்

பட்டுக்கோட்டையிலிருந்து மாலதி என்று ஒரு பொண்ணு வந்து கற்றுக்கொடுக்கிறது. தங்கமான பொண்ணு, வாய்தான் கொஞ்சம் நீளம். "அம்மா, இது கியருங்க, ஆட்டுக்கல்லு இல்ல. ஏன் இந்த ஆட்டு ஆட்டுறீங்க?" பள்ளிவாசல் முன்னால் வண்டி நின்றுபோய், பின்னால் மீன் வண்டி ஹார்ன் அடித்து, ஜமாஅத்தே வேடிக்கை பார்த்தது. ரோடு சரியில்லை என்று சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்று சொன்ன கதைதான்.

வாசலில் வண்டியைத் திருப்பும்போது ஆடு ஒன்று குறுக்கே வந்தது. ஹார்ன் அமுக்கினால் சத்தமே வரவில்லை. மாலதி அமுக்கினாள், வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்த இவர் அங்கிருந்தே சொன்னார்: "ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சா அதுல ஹார்ன் வராது. கொஞ்சம் நேராக்கிட்டு அடிங்க, மேடம்."

நேராக்கினேன். அடித்தது. மாலதி அசந்துபோய், "ஐயா செம ஆளும்மா" என்றாள்.

மாலதியைத்தான் மேடம் என்றார் என்று நினைத்துக்கொண்டேன். பார்த்தது என்னை.

9 ஜூலை, புதன்

லைசென்ஸ் கையில். ஐம்பத்தாறு வயசில். போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன்.

முதல் தடவையாக இவரை வைத்துக்கொண்டு வண்டி எடுத்தேன். ஒரே ரகளை. "மேடம், நீங்க ஓட்டக் கூடாது மேடம்! போலீஸ் பிடிச்சா விசா குடுத்த கஃபீல் என்னைத்தான் ஊருக்கு அனுப்புவாரு. எனக்குப் பொம்பளப் புள்ள இருக்கு மேடம்." கையெடுத்துக் கும்பிடுகிறார். இவர் இருந்த காலத்தில் கடைசி இரண்டு மூன்று வருஷம் தவிர அங்கே பெண்கள் வண்டி ஓட்டவே கூடாது. அதற்காகத்தானே வீட்டுக்கு வீடு டிரைவர்.

என்ன சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் தானே இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். அங்கே அதுதானே டிரைவர் சீட்! உட்கார்ந்ததும் ஆள் அடங்கிவிட்டார். பெல்ட் போட்டார். கண்ணாடியைச் சரிசெய்தார். நான் என் பக்கம் ஓட்டுகிறேன், இவர் தன் பக்கம் காலை மிதித்து மிதித்து ஓட்டிக்கொண்டு வருகிறார். திருப்பத்தில் போலீஸ் நின்றார்கள். "முகத்த மூடிக்குங்க மேடம்" என்று மெதுவாகச் சொன்னார். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டால்தான் அழுகிறது தெரியாது.

2 செப்டம்பர், செவ்வாய்

போன வாரம் அஃப்ரீன் வந்தபோது இவரைப் பின்னால் உட்காரவைத்தோம். ஓடுகிற வண்டியில் கதவைத் திறந்துவிட்டார். பின் கதவின் ஓரத்தில் ஒரு சின்ன விசை இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டால் உள்ளேயிருந்து திறக்காது. சின்னப் பிள்ளைகளுக்காக வைத்தது. அஃப்ரீன் அதைத் தள்ளிவிட்டாள்.

மறுநாளே முன் சீட்டுக்கு மாற்றிவிட்டேன். பூட்டி வைக்க இவர் என்ன கோழியா?

18 அக்டோபர், சனி

ரயில்வே கேட் போட்டிருந்தது. வண்டியை நிறுத்தினேன். இவர் வெகுநேரம் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார்.

"மேடம், ஒரு விசயம்."

"சொல்லுங்க."

"லீவு வேணும் மேடம். மூணு வருசம் ஆகப்போவுது. வீட்டுல ஒண்டியா இருக்கு. புள்ள பொறந்திருக்கு, இன்னும் மூஞ்சியப் பாக்கல." கை இரண்டையும் மடியில் கோத்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பையன் மாதிரி.

அஃப்ரீன் பிறந்தபோது இவர் போனில் சொன்னது மூன்று வார்த்தை: லீவு கிடைக்கல, சபி. எப்படிக் கேட்டார், எத்தனை தடவை கேட்டார், யாரிடம் இப்படிக் குனிந்தார் — ஒன்றும் சொன்னதில்லை. ரயில் போய்விட்டது. கேட் திறந்துவிட்டது. பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள். கியர் விழவில்லை. பதற்றத்தில், "நாளைக்குப் பேசிக்கலாங்க" என்று சொல்லிவிட்டேன்.

"புக்ரா" என்றார் இவர். தனக்குத்தானே. "எப்பவும் புக்ராதான்."

புக்ரா என்றால் நாளைக்கு. கல்ஃப்காரர் வீட்டில் அது யாருக்குத்தான் தெரியாது? அந்த மேடம் எந்த வார்த்தையைச் சொன்னாளோ அதே வார்த்தையை நானும் சொல்லிவிட்டேன். பாவி நான். பாவி நான்!

30 அக்டோபர், வியாழன்

தினமும் கேட் போடுகிற நேரமாகப் பார்த்து வண்டியை எடுக்கிறேன். இவர் கேட்கமாட்டேன் என்கிறார். ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். கேளுங்களேன். இன்னொரு தடவை கேளுங்களேன்.

7 டிசம்பர், ஞாயிறு

பட்டுக்கோட்டையிலிருந்து மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது மஃரிப் ஆகிவிட்டது. இவர் கேட்கட்டும் என்று இனிமேல் காத்திருக்கப்போவதில்லை என்று வழியிலேயே முடிவு செய்தேன். வாசலில் வண்டியை நிறுத்தினேன்.

மேடம் டிரைவரை எப்படிக் கூப்பிடுவாள்? பேர் சொல்லித்தானே. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் இவர் பேரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில்கூட அஃப்ரீன் வாப்பா என்றுதான்.

"யூனுஸ்" என்றேன்.

"ஐவா, மேடம்." உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்கு லீவு குடுத்தாச்சு. ஊருக்குப் போயிட்டு வாங்க."

என்னைத் திரும்பிப் பார்த்தார். நம்பவில்லை. "எத்தன நாளு மேடம்?"

"உங்களுக்கு எத்தன நாள் வேணுமோ அத்தன நாள்."

வாய் கோணிக்கொண்டு அழுதுவிட்டார். "அல்லா உங்களுக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டான் மேடம். அவகிட்டச் சொல்றேன், மேடம்தான் அனுப்பிச்சாங்கன்னு." பெல்ட்டைக் கழற்றத் தெரியவில்லை, அவ்வளவு அவசரம். நான் கழற்றிவிட்டேன். செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கி ஓடினார். வண்டியைப் பூட்டினேன். பூட்டின பிறகும் முன் விளக்கு கொஞ்ச நேரம் எரிகிறது. இருட்டில் வீட்டுக்கு வந்து சேருகிறவர்கள் வாசலைப் பார்த்துப் போவதற்காக வைத்திருப்பான் போல. இது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அந்த வெளிச்சத்தில் படி ஏறி, இடித்துக்கொள்ளாமல் உள்ளே போனார்.

"சபி! சபி! நான் வந்துட்டேன்!"

எத்தனை மாசம் ஆச்சு அந்தப் பேரைக் கேட்டு. கூடத்தில் கூப்பிட்டார். அடுப்படியில் கூப்பிட்டார். கொல்லைப்பக்கம் போய்க் கூப்பிட்டார். நான் உள்ளே போய் முந்தானையை எடுத்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நடுக்கூடத்தில் நின்றேன், விளக்குக்கு நேரே. கல்யாணப் பொண்ணு மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

திரும்பி வந்தார். என்னைப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது.

"வீட்டுல யாருமில்ல மேடம்."

நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"வருவா. உட்காருங்க, டீ போடுறேன்" என்றேன்.